நூற்று ஐம்பத்தொன்றுக்கு எதிரே

நூற்று ஐம்பத்தொன்று. ஜெசிந்தா டிப் ராடைத் துடைத்து, மறுபடியும் குழிக்குள் விட்டு, அடியில் தட்டியதும் இழுத்து, ஈரம் முடிந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நூற்று ஐம்பத்தொன்றுதான். அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, தளும்பிவிடக் கூடாத எதையோ ஏந்திப் போகிறவளைப் போலப் பெட்ரோல் பங்க்கின் ஆபீஸ் அறைக்குள் வந்தாள். சுவரில் மாட்டியிருந்த டிப் சார்ட்டை அண்ணாந்து பார்த்தாள். தரைக்கு அடியில் புதைந்து கிடக்கும் டீசல் டேங்க்கை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ராடில் எத்தனை சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணுக்கு எதிரே எத்தனை லிட்டர் என்று சார்ட்டில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். இடப்பக்கம் சென்டிமீட்டர், வலப்பக்கம் லிட்டர். பத்துக்கு 374. இருபதுக்கு 1041. அப்படியே இறங்கி வந்து, நூறுக்கு 10000, நூற்றுப்பத்துக்கு 11271. அதற்குக் கீழே சார்ட் இல்லை. மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், அதன் நடுவே குங்குமம், அதைச் சுற்றிக் கரப்பான் அரித்த ஓட்டை, ஓட்டைக்குள் சுவரின் சுண்ணாம்பு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பம்ப், காற்றுமானி, கால்குலேட்டர், மணல் வாளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியில் சார்ட்டுக்கும் வைப்பார்கள். மேல்பாதி கைக்கு எட்டாது. அதனால் ஒன்பது வருஷத்துச் சந்தனமும் கீழ்ப்பாதியிலேயே விழுந்தது. கடைசி மூன்று வருஷம் வைத்தது அவள் கை. “நான் துலுக்கன், நீ வேதக்காரி, ஆயுத பூஜைய நம்ம ரெண்டு பேருட்ட விட்டுட்டுப் போயிருக்காரு பாரு முதலாளி” என்று மேனேஜர் இஸ்மாயில் சார் சிரிப்பார். போன வெள்ளிக்கிழமைகூட, அந்த ஓட்டையின் மேலேயே, ஒழுங்கான வட்டமாக, மூன்று பொட்டு வைத்தாள். அழகாக இருக்கிறது என்று இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்க்கவும் செய்தாள். சனியனே.

இத்தனை நாளும் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ராடு ஐம்பதுக்கோ அறுபதுக்கோ இறங்கிய பிறகுதான் லோடு வரும். அந்த எண்களெல்லாம் மேல்பாதியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இந்தத் தடவை மழை. தரைப்பாலம் முழுகி நாலு நாளாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வேறு வழியாகப் போகின்றன, டேங்க்கில் இருந்த டீசல் அப்படியே இருக்கிறது. மழைக்கு முன்னால் இஸ்மாயில் சார் எழுதிப்போட்ட லோடு மட்டும் தேதி தவறாமல் வந்து வாசலில் நிற்கிறது. அளவு காட்டும் கம்ப்யூட்டர் மானி சித்திரையிலிருந்தே கோடு கோடாகக் காட்டுகிறது. இன்னொரு சார்ட் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோச் சாவி இஸ்மாயில் சார் இடுப்பில் இருக்கிறது. அவர் திருச்சியில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறார், அவருடைய போன் அணைந்திருக்கிறது. அணைந்த போனுக்கு ஆறு தடவை அடித்தாயிற்று. ஏழாவது தடவை அடித்தபோது, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டா ஆபரேஷன் செய்வார்கள், கழற்றித்தானே வைத்திருப்பார்கள், யாரிடம் கொடுத்திருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அந்த யோசனை எங்கேயும் போகாது என்று தெரிந்தும் கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே போனாள்.

“என்னம்மா, சார்ட்டுக்குச் சாமி கும்பிடுறியா?” லாரி டிரைவர் மாயவன் வாசல்படியில் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் துண்டு, கையில் பில். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் மூன்று அறைகள். இரண்டை வழியில் வேறு பங்க்குகளில் இறக்கிவிட்டு, மூன்றாவது அறையின் நாலாயிரம் லிட்டர் டீசலோடு வந்திருந்தார். “நூத்தம்பத்தொண்ணுதான வந்துச்சு? பக்கத்துல நின்னு நானுந்தான பார்த்தேன். பதினஞ்சாயிரத்து நூறு லிட்டர். முடிஞ்சுது கணக்கு. சீல உடைக்கவா?” “எப்படிண்ணே பதினஞ்சாயிரத்து நூறு?” “ஏம்மா, இருபதாயிரம் லிட்டர் டேங்க்கு. உசரம் எவ்வளவு? இருநூறு சென்டி. ஒரு சென்டிக்கு நூறு லிட்டர். உன் சார்ட்டே சொல்லுதே, நூறுக்கு எதுக்க பாரு, பத்தாயிரம். நூறால பெருக்கத் தெரியாதா?” அவள் பார்த்தாள். நூறுக்கு எதிரே பத்தாயிரம்தான். சில்லறை எச்சம் எதுவும் இல்லாமல், கழுவித் துடைத்து வைத்த மாதிரி பத்தாயிரம். 15,100 உடன் 4000 சேர்ந்தால் 19,100. டேங்க்கில் 19,400க்கு மேல் ஏற்றக் கூடாது என்பது சுவரில் சிவப்பில் எழுதியிருக்கும் விதி. வெயிலில் டீசல் உப்பும், அதற்கு இடம் வேண்டும். 19,100 என்றால் இன்னும் முந்நூறு லிட்டர் பாக்கி. எவ்வளவு நிம்மதியான கணக்கு! தலையாட்டிவிட்டால் போதும், சீல் உடையும், குழாய் மாட்டுவார்கள், ஒரு மணிக்குள் லாரி போய்விடும். அவள் தலை ஆடத் தயாராகவே இருந்தது. கண்தான் சும்மா இருக்க மாட்டாமல் மேலே ஐந்து வரி ஏறிப் போய், ஐம்பதுக்கு எதிரே நின்றுவிட்டது. ஐம்பதுக்கு எதிரே 3910.

ஐம்பதை நூறால் பெருக்கினால் ஐயாயிரம் அல்லவா? “அண்ணே, ஐம்பதுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துதான் போட்டிருக்கு.” “அது அடிக் கசடும்மா. அடியில தண்ணி நிக்கும், சேறு நிக்கும், அதக் கழிச்சுப் போட்டிருப்பான்.” அப்படியும் இருக்கலாமோ? அப்படியென்றால் நூறுக்கும் கழித்திருக்க வேண்டாமா? நூறு வந்ததும் ஆயிரத்துத் தொண்ணூறு லிட்டர் கசடு எங்கே போயிற்று? இரண்டு இடத்தில் சரியாக வருகிறது, நூறிலும் இருநூறிலும். இரண்டு இடத்தில் சரியாக வருவது விதி ஆகிவிடுமா? போன வாரம் மகள் ஷைனி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அதில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நுழைகிற அம்புக்குறி, வெளியே வருகிற அம்புக்குறி. ஒன்று உள்ளே போனால் இரண்டு வெளியே வரும். இரண்டு போனால் நாலு. “அம்மா, பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும்.” குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காதைக் கொடுத்தபடியே, “ரெண்டால பெருக்குதுடி, இது தெரியலையா” என்றாள். “மூணு போனா எட்டு வருதேம்மா. ஆறு போனா என்னன்னு கேட்டிருக்கு.” “அச்சுப்பிழையா இருக்கும். ஆறுக்குப் பன்னெண்டுன்னு எழுது.” மறுநாள் சிவப்புப் பெருக்கல் குறியோடு நோட்டு வந்தது. அறுபத்து நாலாம். ஒவ்வொரு வரிக்கும் முந்தைய வரியைப் போல இரண்டு மடங்காம். “அச்சடிச்சவங்க தப்புன்னு எங்கம்மா சொன்னாங்கன்னு சொன்னேன், மிஸ் சிரிச்சிட்டாங்க” என்று ஷைனி சொன்னபோது, சிரித்தது மிஸ் இல்லை, ஷைனிதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்புப் பெட்டியே ஏமாற்றிவிட்டது. இது இருபதாயிரம் லிட்டர் பெட்டி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பில்லின் பின்பக்கத்தை எடுத்தாள். “பத்து நிமிஷம் கொடுங்கண்ணே.” “பத்து நிமிஷமா? மூணு மணிக்குள்ள டிப்போவுல அடுத்த லோடுக்கு நிக்கணும்மா நான்.” அவர் டீக்கடைப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றார். அவருடைய நிழல் மேசையில் பாதியை மறைத்தது. வித்தியாசம் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பத்து சென்டிக்கும் எத்தனை லிட்டர் கூடுகிறது? முதல் பத்துக்கு 374, அடுத்த பத்துக்கு 667, அடுத்து 840, அடுத்து 967, 1062, 1136, 1192, 1233, 1258, 1271, கடைசியாக மறுபடியும் 1271. ஒன்றுபோல இல்லை. சரி, கூடுவதில் எவ்வளவு கூடுகிறது? இரண்டாவது வரியிலிருந்து 173, 127, 95, 74, 56, 41, 25, 13, 0. குறைந்துகொண்டே வருகிறது. எதால் குறைகிறது? பாதியாகவா? இல்லை. 173க்குப் பாதி 127 இல்லை. 46 குறைகிறது, பிறகு 32, பிறகு 21, பிறகு 18, பிறகு 15, பிறகு 16. அடச்சீ, பதினைந்துக்கு அப்புறம் பதினாறா? குறைந்துகொண்டே வந்தது ஏன் ஒன்று கூடியது? கழித்தலில் பிழையா என்று மறுபடி கழித்தாள். பிழை இல்லை. எண்களுக்குள் எண்ணாகத் தோண்டத் தோண்ட அவை நொறுங்கிப் பொடியாகி விரலிடுக்கில் வழிந்தன, பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்து பில்லில் சொட்டி, 840இன் மேல் விழுந்து, அதை 810 போல ஆக்கியது. அதுவும் போயிற்று. இந்த அறையில் இருக்கிற எண்களுக்கெல்லாம் இன்று என்ன வந்துவிட்டது!

முதலாளிக்குப் போன் செய்துவிடலாம். பெயரைத் தேடி எடுத்து விரலை அதன் மேல் நிறுத்தினாள். அமுக்கவில்லை. அமுக்கினால் என்ன சொல்வார் என்பது, அமுக்கிப் பேசி முடித்த மாதிரி, முழுதாகக் கேட்டது. “இதுகூடத் தெரியாதா? டிரைவர் சொல்றபடி இறக்கும்மா.” அவருக்கும் சார்ட் தெரியாது. இஸ்மாயில் சார் தை மாதத்தோடு நின்றுகொள்கிறார். அந்த நாற்காலிக்கு ஜெசிந்தாவா, முதலாளியின் மைத்துனரா என்று வீட்டுக்குள் பேச்சு. “இந்த ஒரு வாரம் தனியா பாரு, பார்த்துட்டுச் சொல்றேன்” என்று முதலாளி போன திங்கட்கிழமை இதே வாசலில் நின்று சொன்னார். ஏழு வருஷம் பம்ப்பில் நின்று, இரண்டு வருஷம் பில் போட்டு, வந்து சேர்ந்திருக்கிற ஒரு வாரம். அதில் வந்த லோடை இறக்கத் தெரியாமல் திருப்பி அனுப்பினாள் என்றால் அதோடு சரி. இறக்கி, அது வழிந்துவிட்டால்? சீல் உடைத்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. உடைத்த அறையில் மிச்சத்தை வைத்துக்கொண்டு லாரி ரோட்டில் ஏறக் கூடாது என்பது விதி. நாலாயிரம் என்றால் நாலாயிரமும் இங்கேதான் இறங்க வேண்டும். இடம் போதாவிட்டால் குழியில் பொங்கும், காற்றுக் குழாய் வழியாக மேலே வந்து கொட்டும், சரிவில் ஓடும். சரிவின் முடிவில் டீக்கடை, டீக்கடையில் நாள் முழுக்க எரியும் அடுப்பு. ஒருமுறை குழாய் நழுவி ஒரு வாளி டீசல் குழியில் கொட்டியது. மண் போட்டு அள்ளினார்கள். ஒரு வாளிதான். அவளுடைய சேலை ஒரு வாரம் நாறியது. கோயிலில் பக்கத்தில் முட்டி போட்டிருந்த பெண்கள் தள்ளிப்போய் முட்டி போட்டார்கள். ஒரு வாளிக்கே அப்படி. அவள் விரலைப் போனிலிருந்து எடுத்தாள்.

1271, 1271. கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஏறி ஏறி வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டது, இனிமேல் ஒவ்வொரு பத்துக்கும் 1271 தான் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது, படி ஏறி மொட்டைமாடிக்கு வந்த மாதிரி. நூற்றுப்பத்துக்கு 11271, நூற்று இருபதுக்கு 12542, நூற்று முப்பதுக்கு 13813 என்று வேகமாக எழுதிக்கொண்டே போனாள். கை தானாக ஓடியது, விதி கிடைத்துவிட்ட கை அப்படித்தான் ஓடும். நூற்றுத் தொண்ணூறு வந்தது, இருநூறு வந்தது. இருநூறுக்கு 22710. பேனா நின்றது. இருபதாயிரம் லிட்டர் டேங்க்குக்குள் இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்து லிட்டர். மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம் எங்கே இருக்கும், என் தலையிலா? பில்லைக் கசக்கி எறிந்தாள். அது வாசலில் மாயவனின் செருப்பில் பட்டு நின்றது. அவர் குனிந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தார். “என்னம்மா இது, எம்பொண்ணு நோட்டு மாதிரி இருக்கு.” “அண்ணே, சும்மா இருங்கண்ணே.” டிரைவரின் விதி நூறில் சரி, இருநூறில் சரி, ஐம்பதில் தப்பு. அவளுடைய விதி நூறில் சரி, நூற்றுப்பத்தில் சரி, இருநூறில் தப்பு. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. கொஞ்சம் சரியாக இருப்பதைப்போல எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை. முழுக்கத் தப்பு என்றால் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

வெளியே பம்ப்பில் நின்ற பாக்கியம் குரல் கொடுத்தாள். “யக்கா, லாரிய இங்கயே நிறுத்தினா ஆட்டோக்காரன் எப்படி உள்ள வருவான்? கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுக்கா.” மாயவன் முனகிக்கொண்டே போய் லாரியைப் பின்னுக்கு எடுத்தார். லாரியின் பின்பக்கம் ஆபீஸ் ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து நின்றது. வட்டமான பெரிய தகடு, நடுவே ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்ற எழுத்து. அதை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்தைப் படிக்கவில்லை. வட்டத்தைத்தான் பார்த்தாள். நம் டேங்க்கும் இப்படித்தானே படுத்துக் கிடக்கிறது, மண்ணுக்குள். நிற்க வைத்த டிரம் என்றால் ஒவ்வொரு சென்டிக்கும் ஒரே அளவு. அதில் மாயவன் சொன்னது சரியாகவே வரும். இது படுத்த டிரம். அடியில் ஒடுக்கம், அதனால் முதல் பத்துக்கு 374 தான். போகப்போக அகலம், அதனால் 667, 840. வயிறு வருகிற இடத்தில் 1271. ஓ. ஓ, அதுதானா! அப்படியென்றால் வயிற்றுக்கு மேலே மறுபடி ஒடுங்கும். மொட்டைமாடி இல்லை, அந்தப் பக்கம் இறங்கும் படி. சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. இறங்கும், சரி. எவ்வளவு எவ்வளவாக இறங்கும்? அதுதானே கீழ்ப்பாதியில் இருந்தது, அதைத்தானே கரப்பான் தின்றுவிட்டது! வட்டத்துக்கு ஏதோ சூத்திரம் இருக்கும். படித்திருக்கிறாள், பத்தாம் வகுப்பில். முழு வட்டத்துக்கு. வட்டத்தில் மேலே ஒரு துண்டு வெட்டினால் அந்தத் துண்டுக்கு என்ன சூத்திரம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்லிக்கொடுத்திருந்தாலும் அன்று அவள் வந்திருக்க மாட்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. கதவு எது என்று தெரிந்துவிட்டது, சாவி திருச்சியில்.

மாயவன் திரும்பி வந்தார், இந்தத் தடவை படியேறி உள்ளேயே வந்து, மேசையில் கையை ஊன்றினார். “மணி பதினொண்ணேகால். என் டிரிப்பு போச்சுன்னா நீயா வந்து பேசுவ?” “டேங்க்குல எவ்வளவு இருக்குன்னு தெரியாம எப்படிண்ணே…” “எவ்வளவு இருக்குன்னு எவன் கேட்டான் இப்ப? இருக்கறது இருந்துட்டுப் போவுது. எடம் இருக்கா இல்லையா, அதச் சொல்லு. நான் கொண்டாந்தத ஊத்த எடம் இருக்கா? அவ்வளவுதான் வேணும் எனக்கு!” அவர் இன்னும் ஏதோ சொன்னார், பெண்கள், பொறுப்பு, நாற்காலி என்று வார்த்தைகள் வந்தன. அவளுக்குக் காதில் விழவில்லை. இடம். எவ்வளவு இருக்கிறது என்பது இல்லை, எவ்வளவு இல்லை என்பது. ராடில் நனைந்தது நூற்று ஐம்பத்தொன்று, நனையாதது நாற்பத்தொன்பது. டீசலுக்கு மேலே நாற்பத்தொன்பது சென்டி உயரத்துக்குக் காற்று படுத்திருக்கிறது. எந்த வடிவத்தில்? மேல் ஒடுக்கத்தில், வளைவு மேலேயும் தட்டை கீழேயுமாக. அதைக் கவிழ்த்தால்? அடியில் நாற்பத்தொன்பது சென்டிக்கு டீசல் கிடந்தால் எப்படிக் கிடக்குமோ அதே வடிவம். வட்டத்துக்கு மேல் எது, கீழ் எது! நாற்பத்தொன்பதுக்கு எவ்வளவு என்று மேல்பாதியில் இருக்கிறதே, யாரும் பொட்டு வைக்காத, கை எட்டாத மேல்பாதியில்!

அவள் எழுந்தாள். உடனே நம்பிவிடக் கூடாது. இன்று காலையிலிருந்து இரண்டு விதிகள் சிரித்த முகத்தோடு வந்து ஏமாற்றிவிட்டுப் போய்விட்டன. இதைப் பரீட்சை செய்ய ஒரு ஜோடி வேண்டும், அடியில் ஒன்று, அதற்கு நேர் எதிரே மேலே ஒன்று. நூறுக்கு மேலே தப்பிப் பிழைத்திருப்பது ஒரே வரிதான், நூற்றுப்பத்து. இருநூறில் நூற்றுப்பத்து போனால் தொண்ணூறு. நூற்றுப்பத்து சென்டி டீசல் இருந்தால் தொண்ணூறு சென்டி காற்று இருக்கும். தொண்ணூறுக்கு 8729. நூற்றுப்பத்துக்கு 11271. கூட்டினாள். ஒன்பதும் ஒன்றும் பத்து. இரண்டும் ஏழும் ஒன்றும் பத்து. ஏழும் இரண்டும் ஒன்றும் பத்து. எட்டும் பதினொன்றும் ஒன்றும் இருபது. இருபதாயிரம். எச்சமே இல்லை. காலையில் அந்தப் பத்தாயிரத்தைப் பார்த்தபோதும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தது என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மறுபடி கூட்டினாள். விரல் விட்டும் கூட்டினாள். இருபதாயிரம்தான். அந்த இரண்டு 1271களும் வயிற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கிற ஒரே அளவு என்று இப்போது தெரிந்தது. கண்ணெதிரேயே நின்றிருக்கின்றன, முக்கால் மணி நேரமாக. அவற்றை அப்போதே சரியாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று அவள் மேல் அவளுக்கே கோபம் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வருகிற கோபம்.

ஐம்பதுக்கு 3910. நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு 1062 கூடுகிறது, அப்படியென்றால் அந்த இடத்தில் ஒரு சென்டிக்கு 106. ஒரு சென்டி குறைத்து நாற்பத்தொன்பதுக்கு 3804. டேங்க்கில் இருக்கிற மொத்த இடம் மூவாயிரத்து எண்ணூற்று நாலு லிட்டர். வந்திருப்பது நாலாயிரம். சிவப்பு விதியெல்லாம் இருக்கட்டும், விளிம்பு வரை நிரப்பினாலும் நூற்றுத் தொண்ணூற்றாறு லிட்டர் வெளியே. பதினேழு, பதினெட்டு வாளி. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டியிருப்பாள், ஐம்பதுக்கு எதிரே கண் போகாவிட்டால். இந்நேரம் குழாய் மாட்டியிருக்கும், பாக்கியம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள், டீக்கடையில் யாராவது அடுப்பைக் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

“இடம் இல்லைண்ணே.” “என்னது?” “மூவாயிரத்து எண்ணூத்து நாலு லிட்டருக்குத்தான் இடம். சீல் உடைக்க வேண்டாம்.” மாயவன் அவளையும் சார்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொல்லிப் பார்த்தாள். மேலே இருக்கிற காற்றும் கீழே இருக்கிற டீசலும் ஒரே வடிவம் என்று, இரண்டு கையையும் வட்டமாகக் குவித்துக் கவிழ்த்துக் காட்டினாள். அவருடைய முகம் அவள் கைகளைச் சுவரில் நிழல் காட்டும் விளையாட்டைப் போலப் பார்த்தது. “முப்பது வருசமா டேங்க்கர் ஓட்டுறேன். காத்தக் கவுத்து அளந்த பொம்பளைய இன்னிக்குத்தான் பார்க்குறேன்.” “ஐம்பதுல ஏன் ஐயாயிரம் வரலைன்னு நீங்க சொல்லுங்கண்ணே, நான் இறக்கிக்கிறேன்.” “அதான் சொன்னேனே, கசடு!” “ஆயிரத்துத் தொண்ணூறு லிட்டர் கசடா? அப்புறம் நூறுல அது எங்க போச்சு? நீங்க வாரீங்கன்னு எழுந்து போயிடுச்சா?” பாக்கியம் ஜன்னலுக்கு வெளியே சிரித்துவிட்டாள். மாயவன் சிரிக்கவில்லை. “சரி. எடம் இல்லன்னு பில்லுல எழுதிக் கையெழுத்துப் போடு. லோடு திரும்புதுன்னு டிப்போவுல சொல்லிக்கிறேன். அவங்க உன் முதலாளிகிட்டப் பேசிக்குவாங்க.”

அதுதான். திருப்பி அனுப்பினால் முதலாளிக்கு முதலில் போய்ச் சேர்வது திரும்பிய லோடு. வழியாத டீசல் யாரிடமும் போய்ச் சேராது. நூற்றுத் தொண்ணூற்றாறு லிட்டர் எங்கே என்று அவர் கேட்டால், லாரியிலேயே பத்திரமாக இருக்கிறது என்பாள், அப்புறம் என்ன பிரச்சினை என்பார். எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் அந்தக் கணக்கின் பலன் ஒன்றும் நடக்காதது மட்டும்தான். ஒன்றும் நடக்காததைக் காட்டி நாற்காலி கேட்க முடியுமா? பேனாவை எடுத்தாள், பில்லை இழுத்தாள், எழுதவில்லை. இடம் இல்லையென்றால் இடம் உண்டாக்க வேண்டியதுதானே? நாலாயிரம் இறக்கி, 19,400ஐத் தாண்டாமல் நிற்க, 4600 லிட்டர் இடம் வேண்டும். இருப்பது 3804. பாக்கி 796. எழுநூற்றுத் தொண்ணூற்றாறு லிட்டர் டீசல் விற்க வேண்டும். மழைக்கு முன்னால் அது ஒரு மணி நேர வியாபாரம். இன்று காலை ஆறு மணியிலிருந்து விற்றது இருநூற்று அறுபது. “அண்ணே, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருங்க. விக்க விக்க இடம் வரும். திருப்பி எடுத்துட்டுப் போனா உங்களுக்கும்தான் பாதி நாள் வீண்.” “அப்ப என் அடுத்த லோடு?” “திரும்பிப் போனாலும் அடுத்த லோடு கிடையாதுண்ணே. இத இறக்காம அத எதுல ஏத்துவீங்க?” அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கெட்ட வார்த்தை ஒன்றை, அவளிடம் சொல்லாமல், லாரியைப் பார்த்துச் சொன்னார்.

ஐம்பதிலிருந்து அறுபதுக்கு 1136, ஒரு சென்டிக்குக் கிட்டத்தட்ட நூற்றுப் பதினாலு. 3910இலிருந்து 4600க்கு இன்னும் 690. ஆறு சென்டியும் ஒரு சின்னக் கோடும். காற்று ஐம்பத்தாறு சென்டியும் ஒரு கோடும் இருக்க வேண்டும். அப்படியென்றால் ராடில் நூற்று நாற்பத்து நாலுக்கு ஒரு கோடு கீழே. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வளையம் போட்டு ராடைக் குழியருகே சாய்த்து வைத்தாள். பிறகு காத்திருத்தல். ஒரு டிராக்டர், நாற்பது லிட்டர். மினி பஸ், அறுபது. அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை, ஒரு நாய் பம்ப்புக்கு நடுவே வந்து படுத்து எழுந்து போனது. ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். தப்பாக இருந்தால்? டேங்க் செய்தவன் அதன் இரண்டு முனைகளையும் வேறு மாதிரி வளைத்திருந்தால்? இல்லை, எப்படி வளைத்திருந்தாலும் மேலும் கீழும் ஒன்றுதான், 8729உம் 11271உம் இருபதாயிரம்தான். நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தச் சந்தேகம் வந்தது, ஒவ்வொரு முறையும் அவள் அதே கூட்டலைச் செய்து அதை அனுப்பிவைத்தாள், அது வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. நெல் அறுக்கும் மெஷின் ஒன்று சேற்றோடு உருண்டு வந்து நூற்று எண்பது லிட்டர் போட்டபோது, பாக்கியமும் அவளும் மீட்டர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண வேன் ஒன்று. காலேஜ் பஸ்கள் இரண்டு. மாயவன் இரண்டு மணிக்கு லாரியிலிருந்து இறங்கி வந்து, மீட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். மூன்று மணிக்கு வந்து, “எவ்வளவு ஆச்சு?” என்றார். மூன்றரைக்கு, நாற்காலி ஒன்றை இழுத்துப் பம்ப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற வண்டிக்காரர்களிடம், “ஃபுல்லா அடிச்சிக்கப்பா, மழ நாளு” என்று சொல்ல ஆரம்பித்தார்.

நாலேகாலுக்கு அவரே ராடை எடுத்தார். துடைத்தார், இறக்கினார், அடியில் தட்டியதும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஈரம் சாக்பீஸ் வளையத்துக்கு மேலே நின்றது, கொஞ்சம்தான், அரை சென்டி இருக்கும். “வந்துருச்சு. போதும்மா. உடைக்கிறேன்.” “இன்னும் வரலைண்ணே.” “நக அகலங்கூட இல்லம்மா இது!” அவர் தன் சுண்டுவிரலை அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினார். நகம் இடைவெளியை மூடிவிட்டது. ஜெசிந்தா அந்த நகத்தைப் பார்த்தாள். கறுத்து, விளிம்பில் பிளந்த நகம். காலையிலிருந்து எல்லோரும் அவளை அவசரப்படுத்திவிட்டார்கள், அவளும் தன்னையே அவசரப்படுத்தியாயிற்று. இப்போது அவசரம் இல்லை. “அந்த நகத்துக்குக் கீழ ஐம்பத்தேழு லிட்டர் இருக்குண்ணே.” அவர் விரலை எடுத்தார். எடுத்து அதை ஒருமுறை பார்த்தார், அதற்குள் ஏதாவது தெரிகிறதா என்பது போல. பிறகு ராடை அவள் கையில் கொடுத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். தூரத்தில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று திரும்பி வந்தது. அவர் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி அதை மறித்தார்.